ஆர்ட்டின் ராஜாவின் கத்தியும் பதினான்கு ஊசியும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பலன் எழுதுகிறவனுக்குத் திங்கட்கிழமைகள் நல்லபடியாக விடிவதில்லை. இரண்டு அங்குல இடத்துக்கு எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு, அதை யார் நம்பித் தொலைப்பார்களோ என்று பயந்தவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். சேலத்தில் அச்சாகி விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு நாளிதழுக்கு நான் அந்த ஊர் நிருபர். கரும்பு வெட்டு உத்தரவு, சாராய ஊறல் அழிப்பு, கிணற்றில் விழுந்த மாடு என்று எழுதிக்கொண்டிருந்தவன், ஏழெட்டு மாதம் மட்டும் இன்னொரு வேலையும் பார்த்தேன். அதைப்பற்றி இதுவரை எழுதியதில்லை.

கணக்கு சரியாக இருந்தது

எங்கள் ஞாயிறு மலரில் ராசிபலன் எழுதிவந்த ஜோசியர் காசிக்குப் போனார், திரும்பவில்லை. மலரின் பொறுப்பாசிரியர் என்னைச் சேலத்துக்கு வரச் சொன்னார். மற்றப் பத்திரிகைகளில் இல்லாத ஒன்றைச் செய்யவேண்டும் என்றார். மேஜைமேல் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. அதிலிருந்து ராஜா நாலு, ராணி நாலு, ஜாக்கி நாலு எடுத்துப் பரப்பினார். ஞாயிறு காலை இந்தப் பன்னிரண்டு படச்சீட்டையும் கலைத்து, வாசகர் இடது கையால் ஒன்றை எடுக்கவேண்டும். அந்தச் சீட்டுக்கு நேரே போட்டிருப்பதுதான் அவருடைய வாரத்துப் பலன். எழுதுகிறவர் பெயர் ‘கல்வராயன் மலைவாசி’. அது யார் என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

எனக்குச் சீட்டும் ஆடத் தெரியாது, ஜோசியமும் தெரியாது என்றேன். தெரிந்தவன் தயங்கித் தயங்கி எழுதுவான், தெரியாதவன்தான் தைரியமாக எழுதுவான் என்றார். நான் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். “ராசி பன்னெண்டு, படச்சீட்டும் பன்னெண்டு. கணக்கு சரியா இருக்குல்ல? போய் எழுதுய்யா.”

கையில் என்ன வைத்திருக்கிறார்கள்

கடைவீதியில் ஒரு கட்டு வாங்கிவந்து பன்னிரண்டு பேரையும் மேஜையில் நிற்க வைத்தேன். சீட்டாடுகிறவர்கள் எண்ணையும் நிறத்தையும்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. நான் முகத்தைப் பார்த்தேன். சிவப்பு இதயம் போட்டவன் ஆர்ட்டின் ராஜா. நாலு ராஜாக்களில் இவன் ஒருவனுக்குத்தான் மீசை இல்லை. ஓங்கிய கத்தி இவன் தலைக்குப் பின்னால் போய் மறைகிறது. சற்று நேரம் உற்றுப் பார்த்தால் தன் தலையிலேயே குத்திக்கொள்கிற மாதிரி இருக்கிறது. டைமன் ராஜா பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் ஒரு கண்தான் தெரியும்; அவனுக்குப் பின்னால் ஒரு கோடாரி. ராணிகள் நாலு பேர் கையிலும் பூ. இஸ்பேட் ராணியிடம் மட்டும் பூவோடு ஒரு கோலும் இருக்கிறது. ஜாக்கிகளில் இஸ்பேடும் ஆர்ட்டினும் பக்கவாட்டில் நிற்கிறார்கள். இவர்களுக்கும் ஒற்றைக் கண். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

கையில் இருப்பதையும் முகத்தில் இருப்பதையும் பார்த்து அப்படியே எழுதினேன். பூ இருந்தால் நல்லது, இரும்பு இருந்தால் கெட்டது. நல்ல பலனைவிடக் கெட்ட பலனுக்குத்தான் கடிதம் வந்தது. பொறுப்பாசிரியர் இரும்பைக் கூட்டச் சொன்னார். எடுத்து எடுத்துப் பார்த்ததில் கட்டு நைந்துபோய், இரண்டாவது வாங்கப் போனேன். கடைக்காரர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நிருபரே மாசத்துக்கு ரெண்டு கட்டு வாங்கினா, சீட்டாடுன அஞ்சு பேர் கைதுன்னு இனிமே யாருங்க எழுதறது?”

கோடாரி

ரிஷிவந்தியத்தில் எங்கள் பத்திரிகையைச் சைக்கிளில் போட்டவர் தணிகாசலம். நாற்பது வயது, ஒல்லி, வாய் ஓயாது. ஞாயிறு காலை பத்திரிகை போட்டு முடித்ததும் கோயில் பக்கத்து டீக்கடையில் பன்னிரண்டு சீட்டைக் கலைத்துப் போடுவார். வருகிறவர்கள் ஒவ்வொன்றாக எடுக்க, இவர் பலனைச் சத்தமாகப் படிப்பார். திங்களன்று விற்காத பிரதிகளைத் திருப்பிக் கொடுக்க என் அறைக்கு வருவார். எழுதுவது நான்தான் என்று தெரியாமல், “மலைவாசி சாமி” சொன்னது எப்படியெல்லாம் பலித்தது என்று என்னிடமே சொல்வார்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்காரர் ஒருவர் டைமன் ராஜாவை எடுத்த கதையைச் சொன்னார். “முதுகுக்குப் பின்னால் கோடாரி, திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கவும்” என்று எழுதியிருந்தேன். அந்த மனிதர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டி, டிராக்டரை வாய்க்காலில் இறக்கிவிட்டார். கரும்பு சரிந்து தோள் எலும்பு முறிந்தது. “ஆபத்துன்னு சாமி சொன்னாரு, வந்துச்சு பார்த்தீங்களா சார்!” என்று தணிகாசலம் பூரித்தார். டிராக்டர்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “அந்தாளு விவரம் கெட்டவன் சார். கட்டு போட்டுக்கினு படுத்துக்கினு கத்தறான்: ‘பின்னால பாருன்னு போட்டாங்களே, முன்னால பாருன்னு ஒரு வார்த்தை போட்டாங்களா?’”

வெள்ளிமலையில் தேடினார்கள்

மழையில் பாதை அரித்துப்போன செய்திக்காக, கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் களமருதூர்க் கணவன் மனைவி. மடியில் தேங்காய், பழம். அந்தப் பெண் மூன்று வாரம் தொடர்ந்து ஆர்ட்டின் ராஜாவையே எடுத்துவிட்டாளாம். மலைவாசியை நேரில் பார்த்துப் பரிகாரம் கேட்கப் போகிறார்கள். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அவள் முகமே சொல்லிற்று. முன்னால் சாய்ந்து, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் ஜன்னலுக்கு வெளியே கோமுகி அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிமலையில் இறங்கி, களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்த மலைக்காரர் ஒருவரிடம் விசாரித்தார்கள். அவர் முறத்தைக் கீழே வைத்தார். சீட்டு, ராஜா, பத்திரிகை என்று அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “பனி எப்ப இறங்கும்னு கேளுங்க, சொல்றோம். பன்னி எந்தப் பக்கம் வரும்னு கேளுங்க, சொல்றோம். பயத்த மட்டும் கீழ நாட்டுல நீங்களே வெளைச்சுக்கறீங்க, அத ஏன் இவ்ளோ தூரம் தூக்கிக்கிட்டு வர்றீங்க?”

ஒற்றைக் கண்

இஸ்பேட் ஜாக்கிக்கு ஒரு வாரம் இப்படி எழுதினேன்: “ஒற்றைக் கண் உங்களைக் கவனிக்கிறது. அவன் நிற்கும் இடத்தில் நிற்காதீர்கள்.” எழுத இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ரிஷிவந்தியம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்று முடி சுமக்கும் கூலிக்காரர் ஒருவருக்கு, கதிர் அடிக்கும்போது தூசி தெறித்து ஒரு கண் போயிருந்தது. நடவுப் பெண்களில் ஒருத்தி அந்தச் சீட்டை எடுத்திருந்தாள். அவர் இறங்கும் வயலில் நாங்கள் இறங்கமாட்டோம் என்று பெண்கள் கரையேறிவிட்டார்கள். நிலத்துக்காரர் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அந்த வாரம் அவர் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை.

தணிகாசலம் இதையும் சாமியின் சக்தி என்றுதான் சொன்னார். நான் வேறு செய்தி விசாரிக்கிற சாக்கில் அந்த மனிதரைப் போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கோபம் எதுவும் இல்லை. அந்தச் சீட்டைக் காட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவனுக்கு இன்னொரு கண்ணு அந்தப் பக்கம் இருக்கும் சார். முகத்த திருப்பிக்கினு நிக்கறான், அவ்ளோதான். எனக்குத்தான் இல்ல.”

நாலு ஊசி

அன்றே எழுதுவதை நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்திரிகை போட்டுக்கொண்டிருந்த தணிகாசலத்தைத் தெருநாய் கெண்டைக்காலில் கவ்வியது. அதே தெருவில் ஒரு கன்றுக்குட்டியையும் கடித்தது. வாயில் நுரையோடு சுற்றி, மூன்றாம் நாள் செத்தது. அப்போதெல்லாம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. ஒரு நாளும் விடக்கூடாது. விஷம் ஏறிவிட்டால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் யாரும் பிழைப்பதில்லை.

புதன் முதல் சனி வரை நாலு ஊசி ஆனது. தினமும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி என் அறைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். ஞாயிறு வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய் சாயங்காலம் எனக்குச் சுருக்கென்றது. ஞாயிறு மலரை எடுத்துப் பார்த்தேன். ஆர்ட்டின் ராஜா: “தலைமேல் கத்தி. இந்த வாரம் கூரிய இரும்பு உடம்பில் படக்கூடாது. பட்டால் உயிருக்கு ஆபத்து.” எழுதும்போது சவரக்கத்தியைத்தான் நினைத்திருந்தேன்.

நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். ஆமாம், மூன்று நாளாக ஆள் வரவில்லை. மீதி எத்தனை நாளைக்குள் போட்டால் பயமில்லை என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். “விட்டது மூணு நாள்னு உங்களால எண்ண முடியுது. அவருக்கு இருக்கிறது எத்தனை நாள்னு என்னால எண்ண முடியாது. கூட்டிக்கிட்டு வாங்க.”

ஒப்புக்கொண்டேன்

புதன்கிழமை முதல் பஸ்ஸில் ரிஷிவந்தியம். தணிகாசலம் வாசலில் உட்கார்ந்து காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். நினைத்தது சரி, ஆர்ட்டின் ராஜாவைத்தான் எடுத்திருந்தார். வீட்டில் கத்தி, அரிவாள்மனை, ஊசி நூல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்தார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் மனைவி அஞ்சலை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “ஒரு வாரம்தானே சார். ஞாயித்துக்கெழம கெட்டது கழிஞ்சுடும். திங்கக்கெழம நானே கூட்டிக்கினு வந்து மீதிய போட வைக்கறேன்.”

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். மலைவாசி என்று யாரும் இல்லை, நான்தான், கடைவீதியில் சீட்டு வாங்கிப் படத்தைப் பார்த்து எழுதுகிறேன், அந்தக் கத்தி வெறும் படம் என்றேன். காட்டுவதற்குக் கையெழுத்துப் பிரதிகூட இல்லை. எல்லாம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் கவரில் சேலம் போயிருந்தன. தணிகாசலம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னய ஊசி போட வைக்கணும்னு இவ்ளோ பெரிய பொய் சொல்றீங்க. நீங்க நல்லவரு சார். ஆனா உங்களுக்குச் சீட்டே ஆடத் தெரியாதே!”

திருத்தம்

அங்கிருந்து திரும்பியதும் தபாலாபீசில் டிரங்க் கால் பதிவு செய்து, ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன். எங்கள் தொழிலில் தப்பு நேர்ந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. இறந்தவர் பெயரை மாற்றிப் போட்டால் மறுநாள் திருத்தம் வரும். பஸ் கவிழ்ந்த ஊரை மாற்றிப் போட்டாலும் வரும். இருபது வருஷமாக நான் நம்பிய ஒரே பரிகாரம் அதுதான். வியாழக்கிழமை இதழில் நாலு வரி போதும்: ஆர்ட்டின் ராஜாவுக்குரிய பலன் தவறாக அச்சாகிவிட்டது, ஊசி போட்டுக்கொள்ளலாம்.

லைன் கிடைத்தது. தணிகாசலம் பெயரைச் சொன்னேன், நாய் செத்ததைச் சொன்னேன், இரண்டு தடவை கத்தினேன். மறுமுனையில் பொறுப்பாசிரியர் மறுத்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் பயம்தான் என்று பிறகு புரிந்தது. “பலனுக்குத் திருத்தம் போட்டா, போன வாரத்துக்கு எது சரின்னு கேப்பான். அதுக்கு முந்தின வாரம் எதுன்னு கேப்பான். அப்புறம் எது வரைக்கும்யா போறது?”

பன்னிரண்டு பேருக்கும்

மறுநாள் காலை பஸ்ஸில் வாரப் பலன் கவர் போயாகவேண்டும். அஞ்சலை சொன்ன திங்கட்கிழமையை நம்பி ஒரு நாள்கூட விட முடியாது; ஞாயிறன்று தணிகாசலம் எந்தச் சீட்டை எடுப்பார் என்றும் எனக்குத் தெரியாது. ஆகவே பன்னிரண்டு பேருக்கும் ஒன்றையே எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் சேலத்தில் பிடித்துவிடுவார்கள். ராஜாவுக்கு ஒரு மாதிரி, ராணிக்கு ஒரு மாதிரி மாற்றினேன். “பாதியில் நின்ற வைத்தியத்தை இன்றே தொடர்ந்தால் கிரீடம் நிலைக்கும்.” “விட்ட மருந்தை இன்றே எடுத்தால் கையில் உள்ள பூ வாடாது.” ஜாக்கிகளுக்கு, “தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும்” என்று நேராகவே எழுதிவிட்டேன். மூன்று நாளும் தணிகாசலம் தண்ணீர் குடிக்கிறாரா என்று போகிற வருகிற ரிஷிவந்தியத்து ஆட்களிடமெல்லாம் விசாரித்தேன்.

ஞாயிறு காலை அந்த டீக்கடையில் இருந்தேன். பத்திரிகைக் கட்டு வந்தது. எழுதியபடியே அச்சாகியிருந்தது. தணிகாசலம் சீட்டைக் கலைத்து, இடது கையால் ஒன்றை எடுத்தார். கிளாவர் ராணி. படித்தார். பிறகு வழக்கம்போல மற்றவர்களுக்கும் படிக்க ஆரம்பித்தார். நாலு, ஐந்து, ஆறு. குரல் மெதுவாகி நின்றது. பன்னிரண்டையும் மனசுக்குள் படிப்பது உதட்டில் தெரிந்தது. இத்தோடு தீர்ந்தது, கண்டுபிடித்துவிட்டார், இனி எதையும் நம்பமாட்டார், ஊசியையும் போடமாட்டார் என்று நினைத்தேன். தணிகாசலம் முகம் வெளிறி எழுந்தார். “பன்னெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரின்னு போட்டிருக்காரு! இன்னா சார் இது, ஊருக்கே இன்னாமோ வரப்போவுது. அடுத்த பஸ் எத்தன மணிக்கு?”

இன்னும் வராத வியாதி

டாக்டர் அவரை ஐந்தாவது ஊசியிலிருந்து அல்ல, முதல் ஊசியிலிருந்து மறுபடி தொடங்கினார். தணிகாசலம் முனகவில்லை. சாமி சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அஞ்சலை தினமும் கூடவே வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அந்தத் திங்களும் செவ்வாயும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இடமில்லை. மூங்கில்துறைப்பட்டு, களமருதூர், கச்சிராயபாளையம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜனம். சிலர் குழந்தையோடு, சிலர் பாயோடு. என்னமோ பரவுகிறதாம் என்று கடைவீதியில் இரண்டு கடையை மூடியும் விட்டார்கள். ஒரு பயத்தை எடுக்க இன்னொன்றைப் போட்டேன். அது பெரிதாகிப் போனது. ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதிக் கை ஓய்ந்த நர்ஸம்மா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “நீங்க பேப்பர்காரருதானே? இதப் போடுங்க. உடம்புக்கு இன்னான்னு ஒவ்வொருத்தரையா கேக்கறேன். ‘இன்னும் வரலைங்க’ன்றாங்க!”

சேலத்துக் கடிதம்

அந்த வாரக் கடைசியில் பொறுப்பாசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மலைவாசியின் பகுதி இத்துடன் நிறுத்தப்படுகிறது. பன்னிரண்டும் ஒன்றாக இருந்ததை அச்சான பிறகுதான் கவனித்தாராம். திட்டவில்லை. கடைசி வரி மட்டும் பச்சை மையில் இருந்தது. “உமக்குச் சமையல் குறிப்பு எழுத வருமா? அதில் யாரும் பயப்பட மாட்டார்கள்.”

தண்ணீர்

பதினான்கு ஊசியும் முடிந்து சில வாரம் கழித்து, அதே நாய் கடித்த கன்றுக்குட்டி செத்துப்போனது. கழுநீர்த் தொட்டி அருகே போகாமல் கழுத்தை முறுக்கி முறுக்கிக் கத்திச் செத்ததாம். தணிகாசலம்தான் வந்து சொன்னார், ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி. நான் டாக்டரிடம் போனேன். ஊசி போட்டாயிற்று, அநேகமாகப் பயமில்லை என்றார். அநேகமாக என்றால் என்ன என்று கேட்டேன். நடுவில் விட்ட ஒரு வாரத்தைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது, மாதக்கணக்கில் பார்க்கவேண்டும் என்றார்.

அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் தணிகாசலம் உள்ளே வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பேன். அண்ணாந்து குடிக்கும்போது அவர் தொண்டையையே பார்ப்பேன். முழுசாக இறங்கியதும்தான் எனக்கு அந்த வாரம் ஆரம்பமாகும். தை போயிற்று, பங்குனி போயிற்று. ஒரு திங்கட்கிழமை செம்பைக் கையால் தள்ளி, “வேணாம் சார்” என்றார். ஏன், தொண்டை வலிக்கிறதா, பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் இப்போதுதான் சோடா குடித்தாராம். பரவாயில்லை, இதையும் குடியுங்கள் என்று கெஞ்சினேன். குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். “இன்னா சார் நீங்க, நாய் கடிச்சது என்னய. பயம் புடிச்சது உங்களயா?”

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதிய பலன்களில் பலிக்கவேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று, அதையும் பன்னிரண்டு தடவை எழுதவேண்டியிருந்தது.